தாபோவில் நான்கு இரவு

ஜூலை 7

ஸ்பிதிக்குப் போவது என்று நேற்று இரவுச் சாப்பாட்டின்போது முடிவாகிவிட்டது. மூன்று பேர் போகிறோம்: மே மாதம் வரலாற்று ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான், எனக்கு முன்பே வங்கியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட என் கணவர், அறுபத்து நான்கு வயதாகும் என் அக்கா. செப்டம்பர் நடுவில் மதுரையிலிருந்து புறப்பட்டு அக்டோபர் முதல் வாரத்தில் திரும்ப வேண்டும். எந்த வழியாக ஏறுவது, எங்கே எத்தனை இரவு தங்குவது, எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதை ரயில் டிக்கெட் எடுக்கும் நாளுக்குள் தீர்மானித்தாக வேண்டும். அதுவரைக்குமான யோசனைகளை அன்றன்றைக்கு எழுதி வைக்கப் போகிறேன்.

இமாசலப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. பாலைவனம் என்றதும் நமக்கு மணலும் வெயிலும் நினைவுக்கு வருகின்றன. பாலை என்ற சொல்லிலேயே வெக்கை ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிதியோ குளிர்ப் பாலைவனம். மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்தில் மழையைக் கொட்டவைத்துவிட்டு மிச்சத்தைத் தேனிக்கும் மதுரைக்கும் அனுப்புவதைப் போல, பீர் பஞ்சால் தொடரும் அதற்கு அப்பால் உள்ள பெரிய மலைகளும் பருவமேகத்தைத் தெற்கிலேயே பிழிந்துவிடுவதால், ஸ்பிதிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் குளிர்காலப் பனிதான். அந்தப் பனி உருகி ஓடுவதை வாய்க்காலில் திருப்பித்தான் அங்கே பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. வாய்க்கால் எட்டாத இடத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. அந்த வறட்சியால்தான் ஆயிரம் ஆண்டுப் பழமையான மண் கட்டடங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. எனக்கு ஸ்பிதி மீது ஆசை வந்ததும் அதனால்தான்.

ஜூலை 8

எங்களுக்கு இது முதல் மலைப் பாலைவனம் அன்று. 2018இல் நானும் கணவரும் லேவுக்கு விமானத்தில் போனோம். டெல்லியில் விடிகாலையில் ஏறி, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் 3,500 மீட்டர் உயரத்தில் இறங்கிவிட்டோம். பயணத்தை ஏற்பாடு செய்திருந்த முகவர், மறுநாளே எங்களைக் கர்துங் லா கணவாய்க்கு அனுப்பிவைத்தார். அங்கே 18,380 அடி என்று எழுதிய மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட என் கணவர், இறங்கும் வழியில் மூன்று முறை வாந்தி எடுத்தார். அன்று இரவு அவருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கணவாயின் உண்மையான உயரம் சுமார் 5,360 மீட்டர்தான் என்பதும், பலகையில் இருந்தது அதைவிட இருநூறு மீட்டருக்கு மேல் கூடுதல் என்பதும் ஊருக்கு வந்த பிறகே தெரிந்தது. இல்லாத உயரத்துக்கும் சேர்த்துத் தலைவலி அனுபவித்தேன் என்று அவர் இன்றும் சொல்வார்.

இன்று காலை வேறொரு முகவர் ஸ்பிதிக்கு ஒரு திட்டம் அனுப்பியிருந்தார். முதல் நாள் மணாலியிலிருந்து சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரம், இரண்டாம் நாள் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா, மூன்றாம் நாள் ஒரே மூச்சில் ஆறு இடங்கள், அதன் பிறகு இறக்கம். மணாலி இருப்பது சுமார் 2,050 மீட்டரில். சந்திரதால் 4,250 மீட்டரில். ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, அங்கேயே படுத்துறங்கச் சொல்கிறது அந்தத் திட்டம். தாபோ மடாலயத்துக்கு அதில் ஒதுக்கியிருந்த நேரம் நாற்பத்தைந்து நிமிடம். நன்றி சொல்லி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் எழுதிவிட்டேன்.

ஜூலை 9

அலமாரியில் பள்ளிக்கூடத்துக் கிராஃப் தாள் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து, கீழ்க்கோட்டில் நாட்களையும் பக்கக் கோட்டில் மீட்டரையும் குறித்து, எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்று பென்சிலால் புள்ளி வைக்கத் தொடங்கினேன். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் உடம்பு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரவு படுக்கும் உயரம்தான் கணக்கு. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் மணாலி வழி முதலிலேயே அடிபட்டுப் போகிறது. சிம்லாவிலிருந்து சத்லஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் மாவட்டத்தின் வழியாகப் போகும் பழைய இந்துஸ்தான்–திபெத் சாலைதான் நமக்கு ஏற்றது. சிம்லா சுமார் 2,200 மீட்டர், சராஹன் 2,165, கல்பா 2,960. கல்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டால், எதிரே 6,050 மீட்டரில் நிற்கும் கின்னர் கைலாசத்தை வாசலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம், உடம்பும் பழகிக்கொள்ளும்.

அடுத்த இரவுக்குப் பெரும்பாலோர் நாகோ என்ற ஏரிக்கரைக் கிராமத்தை எழுதிக்கொள்கிறார்கள். நாகோ 3,600 மீட்டருக்குக் கிட்டத்தட்ட இருப்பதால் அங்கே படுத்தால் கோடு செங்குத்தாக எழும்புகிறது. ஆனால் நாகோவைத் தாண்டியதும் சாலை மறுபடி இறங்குகிறது. தாபோ 3,280 மீட்டரில்தான் இருக்கிறது. நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாபோ போய்ப் படுத்தால், கல்பாவைவிட முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் கூடுதல். இதைக் கிராஃபில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் போக ஆசைப்பட்ட இடமும் உடம்பு போகச் சொல்லும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

ஜூலை 10

மூவரும் எங்கள் குடும்ப மருத்துவரைப் பார்த்தோம். அக்காவுக்குப் பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தம். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துப் போகலாம் என்று சொன்னார். உயர நோய் வராமல் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை கொடுப்பதுண்டு. ஆனால் அக்காவுக்கு முன்பொரு முறை சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனதைச் சொன்னதும் மருத்துவர் தயங்கினார். இதுவும் அந்த வகையைச் சேர்ந்ததாம். எங்கள் இருவருக்கு எழுதிக் கொடுத்தவர், அக்காவுக்கு எழுதவில்லை. “நீங்கள் மெதுவாகப் போவதுதான் உங்களுக்கு மாத்திரை. தலைவலி வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள், குறையவில்லை என்றால் இறங்கிவிடுங்கள்” என்றார். அக்கா வெளியே வந்ததும், “செலவில்லாத மாத்திரைடி” என்றாள்.

ஜூலை 11

இன்று முழுதும் தாபோதான்.

தாபோ மடாலயம் நிறுவப்பட்டது கி.பி. 996இல். மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ அதைக் கட்டுவித்தார். அவருடைய காலத்தில் காஷ்மீருக்குப் போய்ப் படித்து வந்த ரின்சென் சாங்போ என்ற மொழிபெயர்ப்பாளரின் பெயரோடு இந்த மடாலயமும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜாங்சுப் ஓ அதைப் புதுப்பித்தார். அந்தச் செய்தி கல்லில் வெட்டப்படாமல் உள்சுவரிலேயே மையால் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பாடம் நடத்திய பழக்கம் விடவில்லை; 996 என்றதும் நான் தஞ்சாவூரை நினைத்தேன். ராஜராஜன் பட்டமேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய கோயில் 1010இல்தான் முடிந்தது. ஏறத்தாழ அதே தலைமுறையில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணி விகாரத்தைக் கட்டுவித்ததையும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததையும் லெய்டன் செப்பேடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடலோரத்து நாகப்பட்டினத்தில் பௌத்த எச்சமாக நின்றிருந்த கடைசிக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதே காலத்தில் எழுந்த ஒரு மண் மண்டபமோ இமயத்துக்குள் இன்றும் பூசையோடு இருக்கிறது. தஞ்சைக் கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையில் சோழர் ஓவியங்களை அரைகுறை வெளிச்சத்தில் பார்த்த ஒருவருக்கு, தாபோவின் சுவர்களைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

வெளியிலிருந்து பார்த்தால் தாபோவில் ஒன்றுமே இல்லை. மலைச்சரிவில் எழும்பி நிற்கும் மற்ற மடாலயங்களைப் போலன்றி, சமதரையில், மதில் சுவருக்குள், மண் பூசிய குட்டையான கட்டடங்கள் சில. நம் ஊர் வைக்கோல் படப்புகளைப் பெரிதாக்கி வைத்ததுபோல் மழுங்கிய மூலைகள். பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தால்தான் விஷயம். களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டிய தெய்வ உருவங்கள் முப்பதுக்கும் மேல், ஆள் உயரத்தில், சுவரிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் வரிசையாக இருக்கின்றன. நடுவே நான்கு திசையும் நோக்கும் வைரோசனர் என்ற புத்தர். கோபுரச் சுதை உருவங்களை அண்ணாந்து பார்த்தே பழகிய நமக்கு, இவை கண்ணுக்கு நேரே, கிட்டத்தில் இருப்பதே புதிது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. வெளிச்சம் மிகக் குறைவு. கைவிளக்கோடு போக வேண்டும்.

அந்த உருவங்களுக்குக் கீழே, தெற்குப் பக்கச் சுவரில் சுதனனின் யாத்திரை வரையப்பட்டிருக்கிறது. வடக்குப் பக்கத்தில் புத்தரின் வாழ்க்கை. சுதனன் ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளை. ஞானம் தேடிப் புறப்பட்ட அவன் ஐம்பதுக்கும் மேற்பட்ட நல்லாசிரியர்களைச் சந்திக்கிறான். துறவி, மருந்து விற்பவர், படகோட்டி, அரசன், சிறுமி என்று பலவகையானவர்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, இதற்கு மேல் எனக்குத் தெரியாது, இன்ன ஊரில் இன்னாரிடம் போய்க் கேள் என்று அனுப்பிவைக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்லும் கண்டவியூக சூத்திரத்தில், தொடக்கத்தில் வரும் ஆசிரியர்களில் ஒருவர் மேகன். தெற்கே திராமிட நாட்டு வஜ்ரபுரத்தில் இருக்கும் திராவிடர் என்றே அந்த நூல் அவரைக் குறிக்கிறது. திபெத் எல்லையில் ஒரு மண் சுவரில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கக்கூடும் என்றால், அவரைத் தேடிக் கண்டுபிடிக்க நாற்பத்தைந்து நிமிடம் எப்படிப் போதும்? மூன்று காலையாவது அந்த மண்டபத்துக்குள் போய் உட்கார வேண்டும்.

கிராஃபில் தாபோவுக்கு எதிரே மூன்று புள்ளி வைத்தேன்.

ஜூலை 12

ஏன் ஜூலையிலேயே போகக் கூடாது என்று தங்கை மகன் கேட்டான். ஸ்பிதிக்குள் மழை இல்லை என்பது சரிதான். ஸ்பிதிக்குப் போகும் கின்னௌர் சாலையில் மழை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சரியில் மலை சரிந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் மீது விழுந்ததில் 28 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்டில் சிம்லாவை அடுத்த சம்மர் ஹில்லில் மண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அதே ஆண்டு ஜூலையில் சந்திரதாலில் பனியில் சிக்கிய இருநூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. செப்டம்பர் நடுவில் மழை ஓய்ந்துவிடும், கின்னௌரில் ஆப்பிள் பழுத்திருக்கும், கடுங்குளிர் இன்னும் தொடங்கியிருக்காது. அவனுக்கு இது போதுமான பதிலாகப் படவில்லை, எனக்குப் போதும்.

ஜூலை 13

நண்பர் ஒருவர் கொடுத்த எண்ணில், காசாவைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரிடம் கணவர் இந்தியில் பேசினார். பத்து ஆண்டு டெல்லி வேலை இன்றுதான் வீட்டுக்குப் பயன்பட்டது. கின்னௌரின் தலைநகரான ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்குத் தினமும் அரசுப் பேருந்து ஓடுகிறது. ஆனால் அக்காவின் முதுகை நினைத்து, சிம்லாவிலிருந்து வண்டி வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதை ஓட்டுநர் மூன்று முறை சொன்னார். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையின் குறுக்கே ஓடும் நீர் பெருகும். நாகோவுக்கு அருகே மலிங் சரிவில் கல் உருளும். அதையெல்லாம் மதியத்துக்கு முன்பே கடந்துவிட வேண்டும். பியோவுக்கு அருகே டீசல் நிரப்பினால் அடுத்து காசாவில்தான் நிரப்ப முடியும். ஏ.டி.எம். காசாவில் உண்டு, ஆனால் அதை நம்பி வராதீர்கள், பணமாகவே கொண்டு வாருங்கள் என்றார். இந்தியர்களுக்கு அந்த வழியில் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை, வெளிநாட்டவருக்குத்தான் வேண்டும்.

தாபோவில் மூன்று இரவு, காசாவில் மூன்று இரவு என்று சொன்னதும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லையாம். “தாபோவில் ஒரு கோம்பாதானே இருக்கிறது, சார்?” என்று கேட்டிருக்கிறார். கோம்பா என்றால் மடாலயம். ஒரு நாள் தங்கர் போய் வருவோம் என்று கணவர் சமாளித்திருக்கிறார். தங்கர் 3,890 மீட்டர் உயரத்தில், ஸ்பிதி ஆறும் பின் ஆறும் கலக்கும் இடத்துக்கு மேலே, அரித்துக் கூராகிப்போன மண் பாறைகளின் நுனியில் நிற்கிறது. ஸ்பிதியின் பழைய தலைநகரம் அது. அழியும் நிலையில் உள்ள நூறு இடங்கள் என்று உலக நினைவுச் சின்ன நிதியம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருந்தது. பகலில் ஏறிப் பார்த்துவிட்டு இரவுக்குத் தாபோவுக்கு இறங்கிவிடலாம். உயரத்துக்குப் பழகுவதற்கும் அதுவே நல்ல பயிற்சி.

காசா சுமார் 3,700 மீட்டர். அங்கிருந்து கீ மடாலயம், பிறகு லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்ற மலைக் கிராமங்கள். லாங்சாவின் மண்ணில் கடல்வாழ் உயிரிகளின் சுருள் வடிவப் புதைபடிமங்கள் கிடைக்கின்றன. இமயம் எழுவதற்கு முன் அங்கே டெதிஸ் கடல் இருந்ததற்கு அவைதான் சாட்சி. அவற்றை விலைக்கு வாங்கக் கூடாது என்று இப்போதே கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஹிக்கிமில் 1983 முதல் ஓர் அஞ்சலகம் நடக்கிறது. உலகிலேயே உயரமானது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பலகைகளின் மீது எனக்கு இருந்த நம்பிக்கை கர்துங் லாவோடு போய்விட்டது. ஆனாலும் அக்கா தன் பேரனுக்கு ஒரு அட்டை போட வேண்டுமாம்; போடட்டும்.

இனி பெரிய கேள்வி, திரும்பும் வழி. ஸ்பிதி என்றாலே “சுற்று” முடிக்க வேண்டும் என்கிறார்கள்: சிம்லா வழியாக ஏறி, 4,551 மீட்டரில் இருக்கும் குன்சும் கணவாயைக் கடந்து, 2020இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலியில் இறங்குவது. காசாவில் மூன்று நாள் இருந்த உடம்புக்கு அந்தக் கணவாய் ஒரு பொருட்டாக இருக்காது. ஆனால் கணவாயைத் தாண்டியதும் பாத்தலிலிருந்து கிராம்பூ வரையிலான பகுதியைச் சாலை என்று சொல்வது மரியாதைக்குத்தான் என்று ஓட்டுநரே சொல்லிவிட்டார்; பல மணி நேரம் கல்லிலும் ஓடைநீரிலும் குலுங்க வேண்டும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையால் முதுகை மட்டும் தடவிக்கொண்டாள்.

வந்த வழியே திரும்புவதென்று முடிவு செய்தோம். சந்திரதாலும் குன்சுமும் கைவிட்டுப் போகின்றன. சந்திரதாலுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் திரும்பும்போது தாபோவில் இன்னோர் இரவு கிடைக்கிறது. நான்காவது புள்ளியும் வைத்தாகிவிட்டது.

ஜூலை 14

“ஏண்டி, அங்கே அரிசி வேகுமா?” என்று அக்கா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். காசாவில் தண்ணீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் சோறு வெளியே குழைந்து உள்ளே விதையாக நிற்கும். அதனால் அங்கே வீடுதோறும் குக்கர் இருக்கிறது. துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பு, மோமோ, ஆவியில் வேகும் திங்மோ ரொட்டி, பட்டாணி, பருப்பு எல்லாம் கிடைக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரைத் தேநீர் என்று நினைக்காமல் சூப்பு என்று நினைத்துக் குடிக்க வேண்டும் என்று லேயிலேயே கற்றுக்கொண்டேன். அக்கா இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டாள். அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

இரும்புப் பெட்டியைத் திறந்து லே பயணத்து உல்லன் துணிகளை மொட்டைமாடியில் காயப்போட்டேன். அந்துருண்டை வாசம் தெருவரை போயிருக்க வேண்டும்; எதிர்வீட்டு அம்மாள் மேலே பார்த்து, காசிக்கா என்று கேட்டார்.

கூவே கிராமத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொல்லப்படும் ஒரு துறவியின் உடல், உட்கார்ந்த நிலையில் கெடாமல் இருக்கிறது. 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிப்பட்டதாம். தாபோ போகும் வழியிலிருந்து கொஞ்சம் உள்ளே விலக வேண்டும். கணவருக்கு ஆசை, அக்காவுக்குப் பயம், எனக்கு இரண்டும் இல்லை. அன்றைய தினம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 16

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் என்பதால், செப்டம்பர் 14 வண்டிக்கு இன்று காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தோம். வாரத்தில் இரண்டு நாள் மதுரையிலிருந்து நிஜாமுதீன் போகும் சம்பர்க் கிராந்தியில் இரண்டு கீழ்ப்படுக்கையும் ஒரு நடுப்படுக்கையும் கிடைத்தன, நடுப்படுக்கை கணவருக்கு. டெல்லியிலிருந்து காலைச் சதாப்தியில் கால்கா, அங்கிருந்து மதியம் பொம்மை ரயிலில் சிம்லா. 1903இல் திறந்த அந்தப் பாதை 96 கிலோமீட்டரில் 102 சுரங்கங்களைக் கடக்கிறது. நம் ஊட்டி ரயிலும் அதுவும் ஒரே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தாலும், அதற்குப் பற்சக்கரம் கிடையாது. வளைந்து வளைந்தே ஏறிவிடுகிறது. அந்த டிக்கெட்டும் கிடைத்துவிட்டது.

மாலையில் ஓட்டுநருக்குத் தேதிகளை அனுப்பினோம். இரவு அவர் குரல்பதிவாகப் பதில் அனுப்பியிருந்தார். தாபோவில் அவருடைய அக்கா வீடு இருக்கிறதாம். நான்கு இரவு என்றால் விடுதி எதற்கு, அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்கிறார். செப்டம்பர் கடைசியில் அவர்கள் தோட்டத்தில் ஆப்பிள் பறிப்பு நடக்கும், ஆள் போதாது, மடாலயம் பார்த்த நேரம் போக நீங்களும் ஏணியில் ஏறிப் பறிப்பீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். கணவர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா கிராஃப் தாளை ஒரு முறை பார்த்தாள்.

“ஏணி எத்தனை மீட்டர் என்று கேட்கச் சொல்லு” என்றாள்.